நார்மல் போடச் சொல்லக் கூச்சப்படாதே

பாப்பா, அரியலூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, பெரம்பலூரிலிருந்து தினமும் போய்வர ஒரு கார் வாங்கிக்கொண்டாய். 2019 மாடல் வேகன்ஆர். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றாலும் நல்ல வண்டி. நானே பானெட்டைத் திறந்து பார்த்துச் சொன்னதுதான். போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய்: "பெரியப்பா, பங்க்ல பவர் போடவா, நார்மல் போடவான்னு கேட்கிறாங்க. என்ன சொல்லட்டும்?" நார்மல் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு வந்து சேர எனக்கு நாற்பது வருட ஒர்க்‌ஷாப் வாழ்க்கை ஆயிற்று. காரணம் தெரியாமல் அதை உன் கையில் கொடுத்தால், நாளைக்கு வேறு யாராவது வேறு வார்த்தை சொன்னதும் மாறிவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

1. உன் வண்டி என்ன கேட்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள். டேஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரு புத்தகம் இருக்கிறதே, பழைய சொந்தக்காரர் பிரிக்காமலே கொடுத்தது, அதை எடு. எரிபொருள் என்ற பக்கத்தில் 91 அல்லது அதற்கு மேல் ஆக்டேன் உள்ள ஈயமில்லாப் பெட்ரோல் என்று போட்டிருக்கும். அவ்வளவுதான் அதன் பசி. ஐம்பது பேர் ஐம்பது யோசனை சொல்வார்கள். அந்த எஞ்சினைச் செய்தவன் ஒரே வரியில் சொல்லியிருக்கிறான். நான் இந்த வேலைக்கு வந்து பதினைந்து வருடம் கழித்துத்தான் ஒரு வண்டியின் புத்தகத்தை முழுதாகப் படித்தேன். அதுவரைக்கும் எல்லாம் காதில் விழுந்த சேதிதான்.

2. ஆக்டேனைச் சத்து என்று நினைக்காதே; அது பெட்ரோலின் பொறுமை. எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே வரும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நெருக்கப்படுகிறது. நெருக்கினால் சூடேறும். பிளக் பொறி விடும் வரைக்கும் அந்தக் கலவை காத்திருக்க வேண்டும்; விட்ட பிறகும் வரிசையாக எரிய வேண்டும். அவசரப்பட்டு ஒரு மூலையில் தானாகவே வெடித்தால் அதுதான் நாக்கிங். தகர டப்பாவில் நாலு கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம் வரும். எவ்வளவு நெருக்கடியிலும் அவசரப்படாத பெட்ரோலுக்கு ஆக்டேன் எண் அதிகம். அதிகமாக நெருக்கும் எஞ்சினுக்கும், டர்போ வைத்த சில வண்டிகளுக்கும், வெளிநாட்டு உயர்ரகக் கார்களுக்கும் அந்தப் பொறுமை தேவை. அப்படிப்பட்ட வண்டியின் புத்தகத்தில் 95 என்றே எழுதியிருக்கும். அங்கே கஞ்சத்தனம் கூடாது. உன்னுடையதற்கு அது வேண்டாம். முழங்கால் தண்ணீருக்குப் பரிசல் எதற்கு? 91 கேட்கும் எஞ்சினுக்கு 95 ஊற்றினால் கெடுதலும் இல்லை, கூடுதல் ஓட்டமும் இல்லை.

3. பங்க்கில் நிற்கும்போது யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காதே. பாரத் பெட்ரோலியத்தின் ஸ்பீடு, ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பவர் போன்ற பிரீமியம் பெட்ரோல்கள் எல்லாம் 2000-க்குப் பிறகு வந்தவை. வந்த புதிதில் அதைப் போடுவதே ஒரு கௌரவமாக இருந்தது. அப்போது ஒர்க்‌ஷாப்போடு ஒரு அம்பாசிடரையும் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். உன் அத்தை கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டாரை ஏற்றிக்கொண்டு திருச்சி ரோட்டில் ஒரு பங்க்கில் நிறுத்தினேன். பையன் கேட்டான், "பவரா, நார்மலா?" பின் சீட்டில் சம்பந்தி. வாய் தானாக "பவர்" என்றது. அந்த அம்பாசிடர் எஞ்சின் ஐம்பது வருடத்துக்கு முந்தைய வடிவம். எதைக் கொடுத்தாலும் ஒரே மாதிரி குடிக்கும். சம்பந்தி அதைக் கவனிக்கவே இல்லை, ஜன்னல் வழியாக ரஞ்சன்குடிக் கோட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அந்த வாரம்தான் என் வண்டியின் ஹேண்ட்பிரேக் கேபிள் நைந்து கிடந்தது. மாற்றக் காசில்லை என்று கயிறு மாதிரி இழுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பார்க்கிறவர் கண்ணுக்குச் செலவு செய்தவன், பிரேக்குக்குச் செய்யவில்லை. பையன் கேட்டால் சிரித்த முகத்தோடு "நார்மல் போடுங்க தம்பி" என்று சொல். அவனை முறைக்கவும் வேண்டாம். கேட்கச் சொல்லியிருப்பார்கள், கேட்கிறான். வெயிலில் நாள் முழுக்க நிற்கிற பிள்ளை.

4. கணக்குப் போட்டுப் பார். போக வர 60 கிலோமீட்டர், மாதம் இருபத்திரண்டு நாள் என்றால் 1,300 கிலோமீட்டரைத் தாண்டும். லிட்டருக்கு 18 கொடுத்தால் 73 லிட்டர் சொச்சம். பிரீமியம் லிட்டருக்கு 7 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள். மாதம் 500 ரூபாய்க்கு மேல், வருடம் 6,000-ஐத் தாண்டும். அந்தக் காசில் ஏர் ஃபில்டரும் பிளக்குகளும் மாற்றலாம், வீல் அலைன்மென்ட் பார்க்கலாம், மிச்சமும் இருக்கும். இவை ஒவ்வொன்றும் உன் வண்டியின் ஓட்டத்தில் தெரியும்.

5. இப்போது சொல்லப்போவதைப் பங்க்கில் யாரும் உன்னிடம் சொல்ல மாட்டார்கள். நார்மல் என்று நாம் சொல்கிற பெட்ரோலே மாறிவிட்டது. 2020 ஏப்ரல் 1-லிருந்து நாடு முழுக்க பிஎஸ்6 பெட்ரோல் வந்தது. கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. அடுத்து எத்தனால். 2023-ல் தொடங்கி, 2025-க்குள் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் எங்கும் பரவிவிட்டது. எத்தனாலின் ஆக்டேன் நூறுக்கு மேல். அது கலந்ததால் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேனும் 91-லிருந்து 95-க்கு ஏறிவிட்டதாக மத்தியப் பெட்ரோலியத் துறையே 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. யோசித்துப் பார். 95 ஆக்டேனுக்காக எக்ஸ்பி95 என்ற பிரீமியம் வகையைப் போட்டவருக்கு அந்த 95 இப்போது நார்மல் குழாயிலேயே வருகிறது. பிரீமியத்தில் மிச்சம் இருப்பது இன்ஜெக்டரில் படியும் அழுக்கைத் துடைக்கச் சேர்க்கும் மருந்து. அது பொய்யில்லை, வேலை செய்யும். ஆனால் ஒழுங்காகச் சர்வீஸ் பார்க்கிற வண்டிக்குத் தினமும் மருந்து எதற்கு?

இன்னொன்று. எத்தனாலுக்குப் பயந்து பிரீமியத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 95 வகைகளிலும் எத்தனால் உண்டு, கண்ணு. நூறு ஆக்டேன் வகைதான் எத்தனால் இல்லாதது என்று விற்கப்படுகிறது. அது விலை மிக அதிகம், உன் சம்பளத்துக்கு ஆகாது. உன் வண்டி 2019 மாடல். இ20-க்கு ஏற்ற பொருட்களோடு வண்டிகள் பரவலாக வர ஆரம்பித்தது 2023 ஏப்ரல் வாக்கில்தான். இ20 போட்டால் மைலேஜ் கொஞ்சம் குறையும், ஏனென்றால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்பம் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய மாடல் என்பதால் பெட்ரோல் போகிற ரப்பர் ஹோஸ்களைச் சர்வீஸின்போது ஒருமுறை தடவிப் பார்க்கச் சொல். பிசுபிசுப்போ வெடிப்போ இருந்தால் மாற்றிவிடு. அதற்கு மேல் பயப்பட வேண்டாம். அந்த எத்தனால் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருகிறது. நம் பெரம்பலூர் மண்ணுக்கு மக்காச்சோளம் எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை; உன் தாத்தா கதிர் உரித்த கையோடுதான் உன்னை முதலில் தூக்கினார்.

6. சத்தம் வந்தால் பெட்ரோலைக் குறை சொல்லுவதற்கு முன் காரணத்தைத் தேடு. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கை நடுங்குகிறது. ஒரு தமிழாசிரியர், பழைய மாருதி 800 வைத்திருந்தார். மூன்றாவது கியரில் மிதித்தால் டிக் டிக் என்று அடிக்கிறது என்று கொண்டுவந்தார். அன்று ஒர்க்‌ஷாப்பில் நாலு வண்டி நின்றது. கழற்றிப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. "சார், பிரீமியம் போட்டு ஓட்டுங்க, சரியாப் போயிடும்" என்றேன். போட்டார். சத்தம் குறைந்தது, அவர் எனக்கு நன்றிகூடச் சொல்லிவிட்டுப் போனார். நாலு மாதம் கழித்து லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஹெட்டைக் கழற்றினேன். பிஸ்டன் தலையில் அடுப்புக்கரி மாதிரி கார்பன் கட்டியிருந்தது. ஒரு பிஸ்டனின் ஓரம் எலி கடித்தது போல அரித்திருந்தது. டைமிங்கை வைத்துப் பார்த்தால் அளவுக்கு முன்னால் நின்றது. முதல் நாளே அரை மணி நேரம் ஒதுக்கி டைமிங் லைட்டைப் பிடித்திருந்தால் முடிந்துபோயிருக்கும் வேலை. நான் கொடுத்த பிரீமியம் யோசனை நோயை ஆற்றவில்லை, நோயாளியின் வாயை மூடியது. முழு வேலையையும் என் செலவில் செய்து கொடுத்தேன். அவர் ஒரு கடும் சொல் சொல்லவில்லை; அதுதான் இன்னும் உறுத்துகிறது. உன் வண்டியில் டைமிங்கைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும், நாக் சென்சார் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்படியும் சத்தம் வந்தால், விலை கூடின பெட்ரோல் போடச் சொல்லும் மெக்கானிக்கை நம்பாதே. காரணம் சொல்கிறவனை நம்பு.

7. ஏற்றத்தில் கியரை மாற்ற வெட்கப்படாதே. சின்ன வயதில் சோபனபுரத்திலிருந்து பச்சைமலை ஏறி டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஒரு வண்டி நிறைய ஆளோடு போனேன். இரண்டாவது கியருக்கு இறங்கினால் ஓட்டத் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று மூன்றிலேயே இழுத்தேன். எஞ்சின் முனகிற்று, அடித்தது. ஒரு வளைவில் வழிவிட நிறுத்தியபோது எதிரே இறங்கி வந்த வயதான டிரைவர் தலையை வெளியே நீட்டி, "தம்பி, அது அழுவுது. இறக்கு" என்றார். இரண்டே வாக்கியம். இறக்கினேன், சத்தம் நின்றது. அன்று டேங்கில் இருந்தது அதே பெட்ரோல்தான்.

8. அரியலூர் ரோட்டில் உன் வண்டிக்கு முதல் எதிரி தூசி. சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் இருக்கிற ஊர்; கல் ஏற்றின டிப்பர் லாரிகள் பகலும் இரவும் ஓடும். உன் வண்டியின் ஏர் ஃபில்டரை நீயே ஒருமுறை திறந்து பார். கிளிப்பைத் தளர்த்தி மூடியைத் தூக்கினால், விசிறி மடித்த மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு காகிதம் இருக்கும். வெயிலுக்கு நேரே பிடி. மடிப்புகளுக்கிடையே வெளிச்சம் தெரிய வேண்டும். உன்னுடையது ஒரு மாதத்தில் சாம்பல் பூத்து, தரையில் லேசாகத் தட்டினால் மாவு கொட்டுகிற மாதிரி கொட்டும். மூக்கை அடைத்துக்கொண்டு ஓடச் சொன்னால் எந்தக் குதிரை ஓடும்? புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கு சுத்தமான ரோட்டுக்கு. இங்கே அதில் பாதியிலேயே மாற்று. டிப்பருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதே. முந்தவும் அவசரப்படாதே. பேரளி தாண்டி எங்கேயாவது நிழலில் இரண்டு நிமிஷம் நிறுத்தி அதைப் போகவிடு. பள்ளிக்கூட மணிக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே வீட்டைவிட்டுக் கிளம்பினால் இது கஷ்டமே இல்லை.

அந்தத் தூசி என்னவென்று உன் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் இந்தப் பூமி கடலடி. சிப்பியும் சுருள் சுருளான அம்மோனைட்டும் செத்துப் படிந்த கல்தான் அந்தச் சுண்ணாம்புக்கல். வாரணவாசி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். நீ டேங்கில் ஊற்றுகிறதும் அப்படிப் பழைய கடல்களில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் மண்ணுக்குள் புதைந்து வெந்து உருகியதுதான். அந்தக் கடலை எரித்து, இந்தக் கடல் பறக்கிற ரோட்டில் போகிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சொட்டைக்கூடச் சிந்த மனசு வராது.

9. பிரீமியமா நார்மலா என்பதைவிட, சுத்தமா இல்லையா என்பது பெரிய கேள்வி. தொண்ணூறுகளில் ஒரு பங்க்கில் வாங்கின பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தது. வாரக்கணக்கில் என் வண்டி புகைந்தது, பிளக் கறுத்தது, நான் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருந்தேன். பங்க்கில் ஃபில்டர் பேப்பர் கேட்கும் உரிமை எனக்கு உண்டு என்பதுகூட அப்போது தெரியாது. உனக்குத் தெரியட்டும். கேட்டால் காசில்லாமல் கொடுக்க வேண்டும். நாசிலின் வாயைத் துடைத்துவிட்டு, ஒரே ஒரு சொட்டு பேப்பரில் விடு. இரண்டு நிமிஷத்தில் ஆவியாகிப் போய்விட வேண்டும். லேசான சாயம் தெரிந்தால் பரவாயில்லை. எண்ணெய்க் கறை மாதிரி வட்டம் நின்றால் கலப்படம். அளவில் சந்தேகம் வந்தால் அரசு முத்திரை குத்திய ஐந்து லிட்டர் அளவுக் கலத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். அடர்த்தி எண்ணையும் பங்க்கில் காட்டியிருப்பார்கள். இதையெல்லாம் சண்டை பிடிக்கிற குரலில் கேட்காதே. ஆசிரியை நீ; பிள்ளைகளிடம் நோட்டைக் காட்டச் சொல்கிற குரல் போதும். டேங்கர் லாரி வந்து லோடு இறக்கிக்கொண்டிருந்தால் அன்று அங்கே போடாமல் போய்விடு. அடியில் கிடக்கும் கசடு கலங்கி நிற்கும் நேரம் அது. மழைக்காலத்தில் தரமான, ஓட்டம் அதிகமுள்ள பங்க்காகப் பார்த்துப் போடு. எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

10. ரிசர்வ் வரைக்கும் ஓட்டாதே. கால் டேங்க் இருக்கும்போதே நிரப்பு. டேங்குக்குள் இருக்கும் மோட்டார் பம்பு பெட்ரோலில் மூழ்கித்தான் குளிர்கிறது.

11. பெட்ரோலைக் கையில் தொட்டு விளையாடாதே, வாயில் வைக்கவே வைக்காதே. நான் வேலை பழகின காலத்தில் ரப்பர் டியூபை டேங்குக்குள் விட்டு வாயால் உறிஞ்சித்தான் பெட்ரோல் எடுப்போம். கிரீஸ் கையைக் கழுவ அதே பெட்ரோல். அதில் ஈயம் இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயக் கூட்டுப்பொருள் ஒன்றைக் கலந்தால் நாக்கிங் நிற்கும் என்று கண்டுபிடித்தார். ஆக்டேனை ஏற்றச் சுலபமான வழி. அதற்காக உலகம் முழுக்கக் குழந்தைகள் ஈயப் புகையைச் சுவாசித்தார்கள். நம் நாட்டில் சென்னை உட்பட நாலு பெருநகரங்களுக்கு ஈயமில்லாப் பெட்ரோல் 1995-ல் வந்தது. நாடு முழுக்க ஈயம் நின்றது 2000 பிப்ரவரியில். கடைசி நாடு அல்ஜீரியா, 2021-ல் நிறுத்தியது. என்னோடு டியூப் உறிஞ்சிய இரண்டு பேர் இப்போது இல்லை. எதனால் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் கொஞ்சம் கூடுதல் இழுவைக்காக எதையும் ஊற்றலாம் என்று யாராவது சொல்லும்போது, எனக்கு அந்த டியூபின் கசப்பு நாக்கில் வந்துவிடுகிறது.

12. ஒரு நோட்டு வை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பெட்ரோல் போடும்போதெல்லாம் நாசில் முதல் தடவை தானாக நிற்கும் வரை நிரப்பு. தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய் எழுது. அடுத்த தடவை நிரப்பும்போது ஓடின கிலோமீட்டரை அன்று போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒரு தடவையை வைத்து எதையும் முடிவு செய்யாதே. ஆறு தடவை எழுதினால் உன் வண்டியின் சுபாவம் தெரியும். மைலேஜ் திடீரென்று இறங்கினால் டயரில் காற்றைப் பார் (டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு என்று இருக்கும்), ஃபில்டரைப் பார், கடைசியில் உன் வலது காலைப் பார். ஆசைக்கு ஒரு டேங்க் பிரீமியம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றினாலும் போடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். போட்டதையும் எழுது. என் சொல்லைவிட உன் நோட்டு சொல்வதை நம்பு.

வருகிற வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்கு வண்டியைக் கொண்டுபோகலாம் என்று உன் அம்மா சொன்னாள். வழக்கமாக வெள்ளியும் திங்களும்தான் நடை திறக்கும், கூட்டம் இருக்கும், அதனால் காலையிலேயே கிளம்பிவிடுவோம். நானும் வருகிறேன். எலுமிச்சம்பழம் நான் வாங்கி வருகிறேன். நீ ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் எடுத்து வை. போகிற வழியில் டேங்க் நிரப்பி, முதல் வரியை எழுதிவிடலாம்.